ஆறாவது பொத்தான்

விடுதி முதலாளி செத்துக் கிடந்தபோது அவர் கோட்டில் ஆறு பொத்தான்கள் இருந்தன. உயிரோடு நடமாடியபோது ஐந்துதான். இதை முதலில் கண்டுபிடித்தவர் கணக்கு வாத்தியார். கண்டுபிடித்த சூட்டோடு, பல்கூடத் துலக்காமல், திங்கட்கிழமை காலையில் எழுதிப் போட்டார். அன்றிலிருந்து பதினோரு நாளாகத் தையல்காரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம், முதலாளியைக் கொன்றவள் அவள்தான். கொன்றாளே தவிர, எதற்காகக் கொன்றாள், யார் கையால் கொன்றாள் என்பது அவளுக்கே தெரியாது.

போலீசைக் கூப்பிட வேண்டிய விஷயமில்லை. ஐந்து பேர் சேர்ந்து கைபேசியில் எழுதி விளையாடும் கதை இது. மலைமேல் ஒரு விடுதி, மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது, உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் யாரோ ஒருவர் முதலாளியைத் தீர்த்துக்கட்டிவிட்டார். ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் அவரவர் எழுத வேண்டும், அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். கதை நடக்கும் குழுவின் பெயர் 'மேடை'. கதையைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிக்கொள்ள இன்னொரு குழு உண்டு, அதன் பெயர் 'புறணி'. மேடையில் பத்து வரி விழுந்தால் புறணியில் நூறு விழும்.

நான்கு பேரும் அவள் கடைக்குத் துணி கொடுக்க வந்து மாட்டிக்கொண்டவர்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் கதையில் மருத்துவர். யாருக்காவது தலைவலி என்றால்கூட மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று எழுதாமல் விடமாட்டார். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஊசி குத்தவே மனம் வராமல் நிற்கிற நர்ஸ், கதையில் கைமடிப்புக்குள் கத்தி வைத்திருக்கும் திருடி. பஸ் ஓட்டுகிறவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத நீதிபதி. "என் வேலையும் உட்கார்ந்த வேலைதான்க்கா. ஆனா நாற்காலி நகராம இருந்தா எப்படியிருக்கும்னு ஒரு தடவை பாத்துடணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நாலாவது ஆள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. கதவோரம் நின்று ஒட்டுக்கேட்கும் வேலைக்காரி வேஷம். அதற்கு ஓரகத்தி தனியாக எதையும் பழக வேண்டியிருக்கவில்லை என்பது தையல்காரம்மாவின் அபிப்பிராயம். வெளியில் சொல்லாத அபிப்பிராயம்.

தையல்காரம்மா கதையை நடத்துகிறவள். மழை, காற்று, கதவு தட்டும் சத்தம், செத்தவர்கள், கடைசியில் சொல்ல வேண்டிய விடை எல்லாம் அவள் பொறுப்பு. முப்பது வருஷமாக அந்தக் கடைக்கு வருகிறவர்கள் அவளிடம் சொல்வது இரண்டே வாக்கியம்: இங்கே இறுக்குகிறது, அங்கே தொங்குகிறது. அப்புறம் என்ன ஆச்சு என்று அவளைப் பார்த்து நாலு பேர் கேட்டது இந்தக் கதையில்தான். அந்தக் கேள்விக்காக அவள் எதையும் செய்வாள். பொய்யும் சொல்வாள், சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

பொத்தான் தப்பு நடந்த விதம் இது. அவளுக்குக் கதை படமாக வராது, பேச்சாகத்தான் வரும். இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தால் போதும், நீதிபதி ஒரு பக்கம் கனைப்பார், வேலைக்காரி ஒரு பக்கம் முனகுவாள். யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் காற்புள்ளியோடு சொல்வாள். யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டால் விழிப்பாள். தையல்காரிக்கு இப்படி ஒரு குறை இருக்கலாமா என்றால், இருந்தது. அதனால் யாருக்காவது உடை எழுத வேண்டி வந்தால் அன்றைக்கு மேசைமேல் எது கிடக்கிறதோ அதைப் பார்த்து எழுதிவிடுவாள். முதலாளி வாசலில் வந்து நின்ற நாளில் மருந்துக்கடைக்காரரின் கோட் கிடந்தது, ஐந்து பொத்தான். முதலாளி மாடிப்படி அடியில் செத்துக் கிடந்த நாளில் லைனிங் மாற்ற வந்த வேறொரு கோட் கிடந்தது. அதைப் பார்த்து எழுதினாள்: ஆறு கறுப்புப் பொத்தான்கள், கடைசிப் பொத்தான் மட்டும் பழுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. எழுதிவிட்டு, நன்றாக அமைந்துவிட்டது என்று தன்னையே மெச்சிக்கொண்டு ஒரு டீயும் குடித்தாள்.

அதன்பிறகு புறணி கொதிக்க ஆரம்பித்தது. இரண்டு கோட் என்றால் இரண்டு ஆள், ஆகவே முதலாளிக்கு இரட்டைச் சகோதரன் இருந்திருக்க வேண்டும், செத்தவன் சகோதரன் என்று வாத்தியார் மூன்று படிகளில் நிறுவினார். ஆறாவது பொத்தான் பொத்தானே இல்லை, அதற்குள் விஷம் இருக்கிறது என்றார் நர்ஸ். பஸ் ஓட்டுகிறவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வரியாக எழுதுகிறவர் என்பதால் அவருடைய கணிப்பு முழுசாக வந்து சேர ஒரு நடை முடிந்துவிட்டது. பேய் என்பதுதான் அதன் சாரம். கதை நடத்துகிறவருக்கே தப்பு வந்திருக்குமோ என்ற எண்ணம் அவருக்குத்தான் ஒரே ஒரு தடவை வந்தது. வாத்தியார் அதை அங்கேயே நசுக்கினார். வேறு யாராக இருந்தாலும் அப்படி நினைக்கலாம், முப்பது வருஷம் காஜா போட்டுப் பொத்தான் தைத்த கை பொத்தானைத் தப்பாக எண்ணுமா என்று எழுதினார்.

ஒவ்வொரு கணிப்புக்கும் அவள் போட்ட பதில் ஒன்றேதான்: 'பொறுத்திருந்து பாருங்கள்'. போட்டுவிட்டு, கணிப்பை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். திருடித்தான் ஆக வேண்டுமென்றால் நல்லதாகப் பார்த்துத் திருடலாம் என்ற எண்ணம்.

திருடவும் முடியாமல் குறுக்கே நின்றது ஓர் உறை. அதையும் அவளேதான் கொண்டுவந்தாள். ஆட்டம் தொடங்கிய நாளில், விடையை முன்கூட்டியே எழுதி உறையிலிட்டு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், கடைசி ஞாயிறன்று எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும், அதுதான் நேர்மை என்று ஒரு சட்டம் போட்டாள். சட்டம் போட்டபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. நாலு பேரும் கடையில் சுற்றி நிற்க, அளவுச் சீட்டுக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி, இடது கையால் மறைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்தாள். ஒன்றும் வரவில்லை. தாளுக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் பேனாவை ஓட்டினாள். நடுவில் யோசிப்பதுபோல் நிறுத்தினாள். ஒரு தடவை அடித்துத் திருத்துவதுபோலக்கூடச் செய்தாள். பிறகு மடித்து, ஒட்டி, ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டாள்.

வாத்தியார் இதற்கு முன் இரண்டு குழுக்களிலிருந்து எழுந்து போனவர். இரண்டிலும் கதை நடத்தியவர்கள் விடை தெரியாமலே நடத்தியதைக் கண்டுபிடித்துவிட்டார். உறையில் விடை இல்லாவிட்டால் மூன்றாவது தடவையும் செருப்பை மாட்டிக்கொள்வேன் என்று புறணியில் எழுதியிருந்தார். அவர் போனால் அவர் கூட்டிவந்த நர்ஸும் போவார். மீதி இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு விடுதி நடத்த முடியாது.

வியாழக்கிழமை கணவரிடம் விஷயத்தை உடைத்தாள். அவர் அலுவலகக் குமாஸ்தா, பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்டுக்கொண்டார்.

"வெள்ளைத்தாள்தானே? வெள்ளைத்தாளுக்கு ஒரு அர்த்தம் சொல்லிடு. கொலையே நடக்கலை, தவறி விழுந்தான், அதனாலதான் பேர் எழுதலைன்னு சொல்லு."

"நம்புவாங்களா?"

"நான் மூணு மேலதிகாரிங்களுக்கு இப்படித்தான் காலியான ஃபைலைக் காட்டியிருக்கேன். முகத்தைக் கொஞ்சம் கவலையா வச்சுக்கணும், அவ்வளவுதான்."

யோசனை மோசமில்லை. ஆனால் அதைவிட நல்லது உறையையே மாற்றிவிடுவது என்று அவளுக்குத் தோன்றியது. வாத்தியாரின் இரட்டையர் கணிப்பை அழகாக எழுதி, அதே மாதிரி ஓர் உறையிலிட்டு ஒட்டி, சனிக்கிழமை காலை ஓரகத்தி வீட்டுக்குப் போனாள். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னாள். சும்மா பார்க்க அந்த வீட்டுக்கு அவள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஓரகத்தி எதுவும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னாள், டீ போட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். போகிற போக்கில், "உறை அந்த அலமாரி மேல்தட்டுல இருக்குக்கா, கடிகாரத்துக்குப் பின்னாடி. நான் தொடவே இல்லை" என்றாள். யாரும் கேட்காத தகவல் அது.

டீ கொதிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அந்த வீட்டில் அன்றைக்கு ஆயிற்று. தையல்காரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, கடிகாரத்துக்குப் பின்னால் கைவிட்டு உறையை எடுத்தாள். திருப்பினாள். ஒட்டிய இடத்தின் குறுக்கே நாலு கையெழுத்துகள். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அன்றைக்கு நாலு பேரையும் வற்புறுத்தி வாங்கியவள் அவளேதான். வாத்தியார் தேதியும் போட்டிருந்தார்.

நாற்காலிமேல் நின்றபடியே திரும்பியபோது எதிர்ச்சுவரில் கொழுந்தனின் கோட் தொங்குவது கண்ணில் பட்டது. ஆறு கறுப்புப் பொத்தான்கள். கடைசிப் பொத்தான் பழுப்பு நூலில்.

லைனிங் மாற்ற வந்த கோட் யாருடையது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. புறணியில் ஓரகத்தி மட்டும் ஏன் இதுவரை ஒரு கணிப்பும் எழுதவில்லை என்பதும் இப்போது புரிந்தது. பின்னால் கோப்பைச் சத்தம் கேட்டது.

"இறங்குக்கா, பார்த்து. அந்தக் கோட்டை எதுக்குப் பாக்குற? அது பாட்டுக்குத் தொங்குது."

தையல்காரம்மா இறங்கி டீயைக் குடித்தாள். சர்க்கரை போட்டிருந்ததா என்று பிறகு கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டு பேரும் மழை வருமா வராதா என்று கால் மணி நேரம் பேசினார்கள்.

ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கடையில் ஐந்து நாற்காலி போட்டாகிவிட்டது. வெள்ளைத்தாள் பேச்சை அவள் கண்ணாடி முன் ஆறு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். 'சில விடைகளை எழுத முடியாது' என்று தொடங்கும். கவலை முகமும் ஓரளவு கைவந்திருந்தது.

ஓரகத்தி உறையை மேசைமேல் வைத்தாள். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, தன் கையெழுத்தைத் தானே சரிபார்த்தார். நர்ஸ் பக்கத்திலிருந்த பெரிய கத்தரியை எடுத்து உறையின் ஓரத்தை வெட்டினார். துணிக் கத்தரியால் தாளை வெட்டினால் அந்தக் கடையில் பூகம்பம் வரும். அன்றைக்கு வரவில்லை.

வாத்தியார் தாளைப் பிரித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், வெறுமை. தையல்காரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு "சில விடைகளை" என்று ஆரம்பித்தாள். வாத்தியார் தாளைத் திருப்பினார்.

"உயரம் இருபத்தேழு" என்று படித்தார். "தோள் பதினஞ்சு. மார்பு முப்பத்தெட்டு. கை ஒன்பது. கழுத்து ஆறு." கொஞ்சம் நிறுத்தி, "அடியில ஒரு வரி. அவசரம் இல்லை."

வெள்ளைத்தாள் என்று நினைத்து அவள் உருவியது யாருடைய அளவுச் சீட்டோ. பின்பக்கத்தை அவள் பார்க்கவேயில்லை. வாத்தியாரின் கால் செருப்பைத் தேடப் போகிறது என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் நகரவில்லை.

"கழுத்து ஆறு" என்றார் வாத்தியார் மறுபடி, மெதுவாக. "ஆறாவது பொத்தான். கழுத்துல."

நர்ஸ் எழுந்துவிட்டார். மாடிப்படி மொத்தம் பதினைந்து என்று மூன்றாவது வாரம் எழுதப்பட்டது யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டார். வாத்தியாருக்கு இருந்தது. பதினைந்தாவது படியில் தோளில் கைவைத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஒன்பது என்பது மணி. முப்பத்தெட்டு முதலாளியின் வயது, அல்லது அவர் பழைய அறை எண், எப்படியும் ஏதோ ஒன்று. பஸ் ஓட்டுகிறவர் கடைசி வரியை இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"அவசரம் இல்லைன்னா அது நான்தானே? நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஆளு நான் ஒருத்தன்தானே? அடப்பாவி, நான்தான் கொன்னேனா?"

வாத்தியார் தாளை இறக்கிவிட்டுத் தையல்காரம்மாவைப் பார்த்தார். அப்படியொரு மரியாதையோடு அவளை யாரும் பார்த்ததில்லை, கல்யாணத்தன்று உள்பட. "முதல் நாளே எல்லாத்தையும் எண்ணால எழுதி வச்சிருக்கீங்க" என்றார். "நான் கணக்கு வாத்தியார்னு தெரிஞ்சே எழுதியிருக்கீங்க."

தலையை ஆட்டினால் போதும். வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தலை ஆடவும் தொடங்கிவிட்டது, பாதி தூரம் கீழே இறங்கியும் விட்டது. அப்போது காதுக்குள் அந்தச் செத்துப்போன முதலாளி பேசினார். செத்த நாளிலிருந்து அவர் பேசியதேயில்லை. ஏம்மா, என்னை எதுக்குக் கொன்னன்னு உனக்கே தெரியாது, இதுக்கு நான் இத்தனை நாளா படிக்கட்டுக்கடியில கிடந்தேனா என்று கேட்டார். நியாயமான கேள்வி. இறங்கிய தலை அங்கேயே நின்று பக்கவாட்டில் திரும்பியது.

"அது சட்டை அளவு சார்" என்றாள். "விடை இல்லை. விடைன்னு எங்கிட்ட எதுவும் இல்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மருந்துக்கடைக்காரரின் கோட், இன்னொரு கோட், தாளுக்கு மேலே ஓடிய பேனா, நோட்டின் கடைசிப் பக்கம், சனிக்கிழமை நாற்காலிமேல் ஏறியது எல்லாம். சொல்லி முடித்ததும் நர்ஸ் கைதட்டினார். ஒப்புக்கொள்வதுபோல் ஒப்புக்கொண்டு திசை திருப்புவது எப்பேர்ப்பட்ட உத்தி என்று வாத்தியாரிடம் வியந்தார். வாத்தியாரும் ஆமோதித்தார். இதெல்லாம் உண்மை என்றால், தையல்காரம்மா பொத்தானைத் தப்பாக எண்ணினார் என்று நம்ப வேண்டியிருக்கும், அது முடியாத காரியம் என்றார். அவள் தன் பிழைப்பின்மேல் சத்தியம் செய்தாள். அதற்கும் சிரித்தார்கள். பொய் சொன்னபோது நம்பியவர்களை உண்மையை நம்ப வைக்க முடியவில்லை.

ஓரகத்தி வாத்தியார் கையிலிருந்து சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"இது என் அளவு" என்றாள். "மூணு வருஷம் முன்னாடி ஒரு சட்டைக்குக் கொடுத்தது. அவசரம் இல்லைன்னு சொன்னதும் நான்தான். சொல்லியிருக்கக் கூடாது."

சிரிப்பு நின்றது. ஆறாவது பொத்தான் தன் வீட்டுக்காரரின் கோட்டில்தான் இருக்கிறது, தைத்ததும் தானேதான், வீட்டில் அன்றைக்குக் கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வாத்தியார் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினார். தையல்காரம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது செருப்பில் பாதி விரல் நுழைந்த நிலையில் வாத்தியார் நின்றார்.

"அப்போ விடைன்னு ஒண்ணு இன்னும் எழுதவேயில்லை?"

"இல்லை சார்."

"எந்த இடத்துலயும்?"

"எந்த இடத்துலயும் இல்லை சார்."

அவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். "அப்படின்னா என் இரட்டையர் கணிப்பு தப்புன்னு யாரும் சொல்ல முடியாது."

"சரின்னும் சொல்ல முடியாது சார்" என்றார் நர்ஸ், பையைக் கீழே வைத்துவிட்டு. "விஷம் இன்னும் அப்படியேதான் இருக்கு."

"விஷமா? கோட்டுக்குள்ள விஷம் எப்படி வேலை செய்யும்னு மருத்துவர் நான் கேக்கறேன், சொல்லுங்க பார்ப்போம்." வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அடுத்த இரண்டு மணி நேரம் அந்தக் கடையில் யாரும் தையல்காரம்மா பக்கம் திரும்பவில்லை. பஸ் ஓட்டுகிறவர் தான் கொலைகாரன் இல்லையென்று ஆனதில் ஒரு பக்கம் நிம்மதியாகவும் ஒரு பக்கம் ஏமாற்றமாகவும் இருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விடையை இனி ஐவரும் சேர்ந்து கண்டுபிடிப்பது. கதையை ஓரகத்தி நடத்துவது. ஏமாற்றிய குற்றத்துக்கு, காலியாக இருக்கிற ஒரே பாத்திரத்தைத் தையல்காரம்மாவுக்குக் கொடுப்பது. அதாவது செத்துப்போன முதலாளி. படிக்கட்டுக்கடியில் கிடக்கலாம், வசனம் கிடையாது. பேச்சிலேயே கதை கேட்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை இல்லை என்று ஓரகத்தி தீர்ப்பெழுதினாள்.

"படுத்துக்கிட்டே இருக்கிற வேலைக்கா" என்று பஸ் ஓட்டுகிறவர் தேற்றினார். "எனக்குக் கிடைச்சிருந்தா விட்டிருப்பேனா?"

திங்கட்கிழமை காலை தையல்காரம்மா, மூன்று வருஷமாகக் கிடந்த ஓரகத்தியின் சட்டைத் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். பாதியில் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். ஆறு வாரமாக 'பொறுத்திருந்து பாருங்கள்' என்பதைத் தவிர அவள் புறணியில் எதுவும் எழுதியதில்லை. கணிப்பு சொல்லும் உரிமை இப்போதுதான் வந்திருக்கிறது. 'கொன்றது வேலைக்காரி. ஒட்டுக்கேட்கிறவளுக்குத்தான் காரணம் இருக்கும்' என்று எழுதிப் போட்டாள்.

வாத்தியார் உடனே ஆதாரம் கேட்டார். நர்ஸ் வாய்விட்டுச் சிரிக்கும் முகத்தை வரிசையாக மூன்று அனுப்பினார். ஏதோ ஒரு நிறுத்தத்திலிருந்து 'பிணம் பேசக்கூடாது' என்று வந்தது. கடைசியாக ஓரகத்தி எழுதினாள்: 'கணிப்பு இருக்கட்டும், சட்டை எப்போ? பொத்தான் ஆறு வை.'

தையல்காரம்மா டப்பாவைத் திறந்து பொத்தான்களை மேசையில் கொட்டி எண்ணினாள். ஆறு. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை எண்ணினாள்.